ஒரு சொல்லுக்கு ஆறு வியாழன்

"செயலாளரே, அந்தம்மாகிட்ட சொல்லுங்க. 'ராஃபி'ன்னா முதல்ல மண்டையோடு. விதையெல்லாம் அப்புறம்."

எதிரில் இருந்தவரைப் பார்க்காமலே சொன்னார் டாக்டர் அர்கிரிஸ்.

"டாக்டர்கிட்ட சொல்லுங்க, செயலாளரே. மண்டை முளைக்கிறதுக்கு முன்னாடியே விதை முளைச்சாச்சு" என்றார் தாவரவியல் பேராசிரியை தெஸ்பினா.

நடுவில் செயலாளர் ஸ்தாதிஸ், கையில் ஒரே ஓர் அட்டையோடு. கிரேக்க நாட்டின் யானினா நகரத்து அறிவியல் அகராதி அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கு இது ஆறாவது வியாழக்கிழமை. மண்டை எலும்புகள் கூடும் கோட்டுக்கும் அதே பெயர், விதையின் முதுகில் ஓடும் கோட்டுக்கும் அதே பெயர். எந்தப் பொருளை முதலில் போடுவது?

டாக்டர் தொப்பியை எடுத்தார். "போதும். அடுத்த வாரம் நான் வரமாட்டேன்."

ஸ்தாதிஸ் குறுக்கே வந்து நின்றான். "உட்காருங்க டாக்டர். காப்பி வருது."

"அவருக்குச் சர்க்கரை வேண்டாம்" என்றார் தெஸ்பினா சட்டென்று. "முந்நூறைத் தாண்டியிருக்கும்."

"யார் சொன்னா?"

"மூஞ்சியே சொல்லுதே."

"செடிக்குப் பார்க்கிற வைத்தியம் எனக்கு வேண்டாம்" என்றபடியே டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"ஆதியில துணியில போடற தையலுக்குத்தானே ராஃபின்னு பேரு?" என்றான் ஸ்தாதிஸ். "தையல்காரரை முதல்ல போட்டுடலாமா?"

இருவரும் யோசித்தார்கள்.

"சரி, ரெண்டாவது யாரு?" என்றார் தெஸ்பினா.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "விதையே இருந்துட்டுப் போகட்டும்."

தெஸ்பினா தன் எள்ளு ரொட்டியைப் பிட்டு, பாதியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வாரம் 'ஸ்தோமா'. வாய்" என்றான் ஸ்தாதிஸ் அவசரமாக.

"வாய் மனுஷனோடது. அதுல என்ன தகராறு?"

"இலைக்கு ஆயிரம் வாய் இருக்கு. வாங்க, காட்டறேன்!"

"வர்றேன், வர்றேன்."

வாசலில் தெஸ்பினா திரும்பினார். "ஸ்வெட்டர் போட்டுக்கோங்க செயலாளரே. ஏரிக்காத்து ஒத்துக்காது."

மாடிப்படி முழுக்க அவர்கள் சண்டை கேட்டது.

ஸ்தாதிஸ் அட்டையை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். இரண்டு சொற்களும் அச்சுக்குப் போய் நான்கு மாதமாகிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் பிரிந்துபோன அப்பாவையும் அம்மாவையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.