இடது ஆறு, வலது அஞ்சு

இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. சத்தம் போடுகிற வேலையைக் கதையில் வரும் தம்பி பார்த்துக்கொள்வான்.

அக்காவும் தம்பியுமாக வீட்டு முன்னறையில் ஷூக் கடை நடத்தினார்கள். கதவும் கல்லாவும் உள்ள கடை இல்லை, ஆன்லைன் கடை. ஆர்டர் வரும், பெட்டி போகும். அளவு சேராவிட்டால் பெட்டி திரும்பி வரும். விற்றது ஒரே மாடல்தான். ஆணும் பெண்ணும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சாதாரணக் கறுப்பு ஷூ. கட்டில் மேல் பெட்டி, கட்டிலுக்கு அடியில் பெட்டி. மிச்ச இடத்தில் தம்பி தூங்குவான்.

வீட்டில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் கறார்.

அன்றைக்குத் திரும்பி வந்த பெட்டியைப் பிரித்த கறார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, மறுபடியும் அந்த நர்ஸம்மா."

"என்னவாம்?"

"ஆறாம் நம்பர்ப் பெட்டி. உள்ள பாத்தா ஒண்ணு ஆறு, ஒண்ணு அஞ்சு. அஞ்சுல ஒரு ஜோடி, ஆறுல ஒரு ஜோடி வாங்க வேண்டியது. அப்புறம் ஒரு ஜோடி சேரலைன்னு இப்படி மாத்திப் போட்டு அனுப்ப வேண்டியது. இது மூணாவது தடவை."

"கவனிக்காம மாத்திப் போட்டிருப்பாங்கடா."

"மூணு தடவையுமா? முதல்ல வந்ததை நாம பிரிச்சுப் பாக்காம அடுத்தவனுக்கு அனுப்பி வாங்கிக் கட்டிக்கிட்டோமே, மறந்துட்டியா? 'உங்க வீட்ல ஒரு காலுக்கு ஒரு சைஸா'ன்னு கேட்டு ஒத்தை ஸ்டார் போட்டு, ஷூவையும் நம்ம மூஞ்சிலயே திருப்பி எறிஞ்சான். இன்னும் ரெண்டு பேர் அப்படிப் போட்டா கடையை மூடிட்டு இந்தப் பெட்டிக்குள்ளயே குடியிருக்க வேண்டியதுதான்."

"இப்படிச் செஞ்சு அவங்களுக்கு என்ன லாபம்? அவங்க கிட்டயும் மாத்து ஜோடிதானே இருக்கும்?"

"அதான் எனக்கு எரிச்சலே. லாபத்துக்குத் திருடினாக்கூட ஒரு நியாயம் இருக்கு."

அக்கா சிரித்தாள். கறாருக்கு இன்னும் ஏறியது.

"போன மாசம் ஒரு டைலர் இதே வேலையைத்தான் காட்டினான். போன் போட்டுக் கேட்டா, 'ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க'ன்னான். கேட்டேனா? போனை வச்சேன், ஆளை பிளாக் பண்ணேன். இனி நம்ம கடைல ஒரு லேஸ்கூட வாங்க முடியாது. இன்னைக்கு இவங்க. பிளாக் மட்டும் இல்ல, பார்சல் போறது ஆஸ்பத்திரி விலாசத்துக்குத்தானே? அங்கயே போன் போட்டு, எந்த மாதிரி ஆளை வேலைக்கு வச்சிருக்கீங்கன்னு கேக்கப் போறேன்."

"வேலை போயிடும்டா."

"போகட்டும்."

அக்கா, நர்ஸம்மா திருப்பி அனுப்பியிருந்த மூன்று ஜோடியையும் தரையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பாகத்து நம்பரைப் பார்த்தாள்.

"மூணுலயும் இடதுதான் ஆறு. வலதுதான் அஞ்சு."

"அதனால?"

"விஷமம் பண்றவங்க இடது வலது பாத்தா பண்ணுவாங்க? ஆஸ்பத்திரிக்கு அப்புறம் பேசலாம். முதல்ல அந்தம்மாவைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு."

போன் எடுக்கப்பட்டதும் கறார் தொண்டையைச் செருமினான். "ஷூக் கடைல இருந்து பேசறோம். உங்க மேலதிகாரிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி..."

அக்கா போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, எந்தக் கால் சின்னது?"

அந்தப் பக்கம் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போகிற சத்தம் கேட்டது.

"இடதுங்க," என்றது குரல். "சின்ன வயசுல காய்ச்சல் வந்து வளராம நின்னுபோச்சு. நாள் பூரா நின்னு பாக்கற வேலை. ஒரு ஷூ தொளதொளன்னு இருந்தா மருந்துத் தட்டோட விழுந்துடறேன்."

கறார் போனுக்குப் பக்கத்தில் குனிந்தான். "அதைச் சொல்லி வாங்க வேண்டியதுதானேங்க? பொய் எதுக்கு?"

"சொன்னேங்க. ஒரு கால் அஞ்சு, ஒரு கால் ஆறு தருவீங்களான்னு முதல்லயே மெசேஜ் போட்டுக் கேட்டேன். 'ஜோடியைப் பிரிப்பதில்லை, எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்'னு பதில் வந்துச்சு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளைப் பார்த்தான்.

"யாரும் ஆஸ்பத்திரிக்குப் பேச மாட்டாங்கம்மா. நீங்க வேலையைப் பாருங்க," என்று அக்கா போனை வைத்தாள்.

கறாருக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

"சரி, பாவம்தான். நான் பண்ணினதும் தப்புதான். அதுக்காக இந்த மாத்து ஜோடி மூணையும் என்ன பண்றது? எவன் தலைல கட்டறது? நீ பாவம் பாத்தா பெட்டி குறையுமா?"

"கத்தாதே. அலமாரி மேல அந்த டைலர் திருப்பி அனுப்பின பெட்டி கிடக்குதே, அதை இறக்கு."

"அது எதுக்கு இப்ப? அதுவும் மாத்து ஜோடிதான்."

"இறக்கேன்."

முனகிக்கொண்டே ஸ்டூல் மேல் ஏறி, தூசி தட்டாமலே எடுத்துக் கொடுத்தான். அக்கா ஷூக்களை வெளியே எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

இடது அஞ்சு. வலது ஆறு.

கறார் ஸ்டூலைவிட்டு இறங்கினான். தானே வாங்கித் திருப்பிப் பார்த்தான். தரையில் கிடந்த வரிசையைப் பார்த்தான். மறுபடியும் கையில் இருந்ததைப் பார்த்தான்.

அக்கா அந்த ஜோடியை அவன் கையிலிருந்து வாங்கி, நர்ஸம்மாவுக்கு என்று தனியாக வைத்தாள். தரையில் கிடந்த மூன்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி மூடினாள். பிறகு டைலரின் நம்பரை அழுத்தி, போனைத் தம்பி கையில் திணித்தாள்.

"அன்னைக்கு ஒரு நிமிஷம் கேளுங்கன்னாரே. இப்பக் கேளு."