முதல் கை

"கையை எடுங்க! மூடியைத் தொடாதீங்க!"

எழுத்தம்மா போட்ட சத்தத்தில், குழிக்குள் குனிந்திருந்த மண்புழு அப்படியே நின்றுவிட்டான். அவன் விரல்களுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

மண்புழு என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். அகழாய்வில் நாள் முழுக்க மண்ணுக்குள்ளேயே கிடப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இந்தக் கல்பெட்டியைக் கண்டுபிடித்ததும் அவன்தான். எந்தக் காலத்திலோ ஒரு பிணத்தை உள்ளே வைத்து மூடிய பெட்டி. மூடி மேல் எழுத்துகள் வெட்டியிருந்தார்கள்.

அங்கே வேலை செய்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கண்டெடுத்தவர்தான் முதலில் வெறுங்கையை வைக்க வேண்டும். அதுவரை தூரிகை மட்டும்தான். கை வைத்ததும் போட்டோ. அது பத்திரிகைக்குப் போகும், அப்புறம் மியூசியத்தில் மாட்டுவார்கள். அதற்காகவே மண்புழு இன்று தலைவாரி, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்றார், கரையில் நின்ற அகழாய்வுத் தலைவர்.

"முதல் கை நான் வைக்கிறேன் சார்."

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களா? கண்டுபிடிச்சது அவனாச்சே!"

"படிச்சது நானாச்சே. நான் படிக்கலேன்னா இது வெறும் கல்லு."

உண்மைதான். அந்தப் பழைய எழுத்தைப் படிக்க அங்கே அவளை விட்டால் ஆள் கிடையாது. அதனால்தான் அவளுக்கு எழுத்தம்மா என்று பெயர். காலையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "செத்துப்போன பொண்ணோட பேரு, அவ அப்பா பேரு. அவ்வளவுதான்" என்று அவள் சொன்ன பிறகுதான் போட்டோக்காரரைக் குழிக்குக் கூப்பிட்டார்கள்.

மண்புழு கையைப் பிசைந்தான். "அக்கா, உங்களுக்குத் தெரியாததா? என் சம்சாரம் ஆஸ்பத்திரியில இருக்கா. தலைப்பிரசவம். பிள்ளை வளர்ந்ததும் 'பாரு, அப்பா கை'ன்னு காட்டுறதுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு? இந்த ஒரு போட்டோவை விட்டுக் குடுங்கக்கா."

கல்லும் கரைந்துவிடும். எழுத்தம்மா கரையவில்லை.

"முடியாது. மேல ஏறுங்க."

"இது அநியாயம்மா!" தலைவரின் குரல் உயர்ந்தது.

"அப்ப நான் கிளம்புறேன். வேற யாரையாவது வச்சுப் படிச்சுக்கோங்க."

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. என்ன செய்வார் பாவம், குடுமி அவள் கையில் இருந்தது.

"மேல வந்துடுப்பா," என்றார், மண்புழுவின் முகத்தைப் பார்க்காமல்.

அவன் தூரிகையை வீசி எறிந்துவிட்டு ஏறினான். எழுத்தம்மா இறங்கினாள். மூடியின் நட்டநடுவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். போட்டோக்காரர் வேண்டாவெறுப்பாக எடுத்தார்.

"விளம்பரப் பைத்தியம்!" என்று யாரோ அவள் காதில் விழும்படியே சொன்னார்கள்.

அப்போது மண்புழுவின் போன் அடித்தது. கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்துப் போனது.

"பொண்ணு பொறந்திருக்காம் சார். அழவே இல்லையாம். மூச்சு விட முடியலையாம். கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களாம்..."

தலைவர் அவனைத் தன் காரிலேயே ஏற்றி அனுப்பினார். அனுப்பிய கையோடு தகரக் கொட்டகைக்குள் நுழைந்தார். எழுத்தம்மா அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கே நல்லா இருக்கா? இன்னிக்குப் போய் அந்த மனுஷனைக் கண்கலங்க வச்சு அனுப்பியிருக்கீங்க. போட்டோவை நீங்களே வச்சுக் கொஞ்சுங்க!"

அவள் தலை நிமிரவில்லை. "நல்லவேளை சார், அவர் தொடலை."

"என்ன உளர்றீங்க?"

"காலையில நான் முழுசாச் சொல்லலை. கடைசி வரி ஒரு சாபம். இந்த மூடி மேல யாரு முதல்ல கை வைக்கிறாங்களோ, அவங்களோட தலைப்பிள்ளை தங்காதுன்னு வெட்டியிருக்கு."

தலைவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்ககிட்ட சொன்னா இந்தக் கொட்டகை முழுக்கப் பரவிடும். தூரிகையால மண்ணைத் தள்ளினதே அவர்தானே? அதுக்கே பயந்து செத்துருப்பார். நாளைக்கு அறிக்கையில இந்த வரியை எழுதித்தான் ஆகணும். அவர் காதுலயும் விழும். அப்ப முதல் கை அவரோடதா இருந்தா, இன்னிக்கு அந்தக் குழந்தைக்கு எது ஆனாலும் காலம்பூரா தன் கையையே பார்த்துப் பார்த்து அழுவார். இப்ப என்னைத்தானே திட்டுவார்? திட்டட்டும்."

எவ்வளவு பேசிவிட்டோம் என்று தலைவருக்குக் கூசியது.

"நீங்க இதையெல்லாம் நம்புறீங்களாம்மா?"

"சேச்சே! நான் படிச்சவ சார். திருடனைப் பயமுறுத்த எவனோ வெட்டி வச்சது." அவள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

தலைவரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டிரைவர்.

"அப்படியா! அழுதுடுச்சா? தாயும் நல்லா இருக்காங்களா? அப்பாடா!"

அதை எல்லோருக்கும் சொல்ல அவர் வெளியே ஓடினார்.

எழுத்தம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தன் போனை எடுத்தாள். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். மறுமுனையில் குரல் கேட்கும்வரை அவளுக்கு உயிரே இல்லை.

"ஒண்ணுமில்லடி கண்ணு, அம்மாதான். நீ நல்லாத்தானே இருக்கே?"