தூக்கம்தான் முக்கியம்

“எனக்குத் தூக்கம் முக்கியம்க்கா. இன்னொரு குழந்தை வந்தா மறுபடியும் கண்ணை மூட முடியாது. அதான் வேண்டாம்னுட்டேன்.”

சோபாவில் சாய்ந்தபடி தம்பி கிஷோர் சொன்னதைக் கேட்டுச் சௌம்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாணியம்பாடியில் காலை ரயிலைப் பிடித்து, கன்டோன்மென்ட்டில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பாதி தமிழும் பாதி கன்னடமுமாக மல்லுக்கட்டி அடுகோடிக்கு வந்து சேர்ந்தது இதைக் கேட்கவா?

கிஷோருக்கும் லாவண்யாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஊசி, மாத்திரை, வேண்டுதல் எல்லாம் ஆகி, கடைசியில் டெஸ்ட் டியூப் முறையில் பிறந்தவள் அதிதி. இப்போது இரண்டரை வயது. அந்தச் சிகிச்சையில் உருவான கருக்களில் மூன்று மிச்சம். ஆஸ்பத்திரியில் உறைய வைத்துப் பத்திரமாக இருக்கின்றன. தொடர்ந்து வைத்திருப்பதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஆராய்ச்சிக்கு என்று இவன் சொல்லிவிட்டான்.

விஷயம் தெரிந்ததிலிருந்து ஊரில் அம்மா அன்னம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. “ஐஸ்லயே கிடக்குதுங்களாமே, குளிராதா?” என்று தெருவெல்லாம் புலம்பிவிட்டு, “நீ போய் அவனை நாலு வார்த்தை கேட்டுட்டு வா” என்று மகளை அனுப்பியிருந்தாள்.

“மூணும் உன் ரத்தம்டா” என்றாள் சௌம்யா.

“ரத்தமெல்லாம் இன்னும் ஊறலக்கா. கண்ணுக்கே தெரியாத சைஸு.”

“பேச்சைப் பாரு. தூக்கத்துக்காகப் பிள்ளை வேண்டாம்னு சொன்ன ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.”

“இப்பப் பார்த்துக்கோ” என்று கொட்டாவி விட்டான்.

அவன் தூங்குமூஞ்சி என்பது ஊரறிந்த சேதி. பிளஸ் டூ பரீட்சையில் கெமிஸ்ட்ரி பேப்பர் மேலேயே தலை வைத்துத் தூங்கினவன். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும் நேரத்துக்கு அவனைத் தட்டி எழுப்பித்தான் கூட்டிவந்தார்கள். இருந்தாலும் இப்படியா?

லாவண்யா சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. பாவம், மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறாள் போல என்று சௌம்யா நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அதிதிக்கு நானே ஊட்டுகிறேன் என்று பருப்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தாள் சௌம்யா. முதல் உருண்டையை நீட்டியதுமே குழந்தை தலையை ஆட்டியது.

“பேடா! பேடா!”

“ஏண்டா, பிள்ளை வாய்விட்டு ஸ்வீட் கேக்குது. கடையில போய் ஒரு பேடா வாங்கிட்டு வர்றதுக்கும் சோம்பேறித்தனமா?”

“அது அந்தப் பேடா இல்லக்கா. கன்னடத்துல வேண்டாம்னு சொல்றா. டேகேர்ல கத்துக்கிட்டது.”

சௌம்யா அசடு வழிய, கிஷோர் கிண்ணத்தை வாங்கித் தரையில் உட்கார்ந்தான். கரண்டி மெட்ரோ ரயிலானது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஸ்டேஷன் பேரை அறிவித்தான். குழந்தை ஒரு ஸ்டேஷன் விடாமல் சாப்பிட்டது. வாயைத் துடைத்து, சட்டை மாற்றி, தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தான். சீக்கிரமே தூங்கிவிட்டாள். அவளைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தான். குட்டிக் குட்டிக் கவுன்களை ஓரம் சேர்த்து மடித்த விதத்தைப் பார்த்தால், விருந்தாளி வந்ததற்காக நடிக்கிறவனாகத் தெரியவில்லை.

சௌம்யாவுக்கு எங்கோ இடித்தது. மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனாள்.

“லாவண்யா, உண்மையைச் சொல்லு. பிள்ளை அழுதா ராத்திரி இவன் எழுந்திருப்பானா, மாட்டானா?”

“அவ பிறந்ததுல இருந்து அவருதான் அண்ணி எழுந்திருக்கிறாரு. என்னை எழுப்பவே மாட்டாரு.”

“அப்புறம் எதுக்குடி இந்தத் தூக்கக் கதை?”

லாவண்யா அடுப்பை அணைத்தாள்.

“வேண்டாம்னு சொன்னது அவரு இல்ல அண்ணி. நான்தான்.”

சௌம்யா சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“அத்தனை ஊசி குத்தின உடம்பு. மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஏறிப் படுக்க எனக்குத் தெம்பில்ல. அதிதி ஒருத்தி போதும்னு தோணிடுச்சு. ஆனா, பிள்ளை வேணும்னு கோயில் கோயிலாச் சுத்தினவ, இப்ப வேண்டாம்னா என்ன பேசுவாங்கன்னு நினைச்சு நினைச்சு அழுதேன். அவருதான் சொன்னாரு, ‘நீ சொன்னா ஊரு உன்னைச் சும்மா விடாது. நான் சொன்னா, அவன் தூங்குமூஞ்சி அப்படித்தான்னு சிரிச்சுட்டுப் போயிடும். அந்தப் பேரை என் தலையில போட்டுடு’ன்னு.”

சௌம்யா கதவிடுக்கு வழியாக ஹாலைப் பார்த்தாள். மடித்த துணிக் குவியலில் தலை வைத்து, வாயைப் பிளந்து உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தான் தம்பி.

அவள் கையிலிருந்த போன் அடித்தது. அம்மா.

“என்னடி சொல்றான்? அவன் மசிய மாட்டான், எனக்குத் தெரியும். நீ போனை லாவண்யாகிட்டக் குடு. அவ மனசுல என்னதான் இருக்குன்னு கேட்டுடறேன்.”

லாவண்யாவின் முகம் வெளிறியது. ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனுக்காக நீட்டினாள்.

சௌம்யா போனைத் தரவில்லை.

“அவகிட்ட என்னம்மா கேக்கப்போற? அவ வாயில்லாப் பூச்சி. எல்லாம் உன் பிள்ளையோட சோம்பேறித்தனம்தான், நானே கண்ணால பார்த்துட்டேன். தெருவுல யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிடு.”