வெளிச்சுற்று

"ஏட்டி முத்துமாரி, உன் வீட்டுக்காரரு ஆடிச்சுற்று சுத்துத லட்சணத்தை வந்து பாரு!"

அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய் வந்து நின்றபோது முத்துமாரி சாயங்கால உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி சொல்லுதிய?"

"ஊரெல்லாம் கோமதியம்மன் சன்னதியைச் சுத்துது. உன் மாப்பிள்ளை கோயிலுக்குள்ள காலே வைக்கல. வெளிய ரத வீதியில சுத்துதாரு. அதுவும் தனியா இல்ல."

"யார் கூட?"

"நர்ஸு ஞானபூரணம் கூட. முட்டி தேஞ்சுட்டுன்னு பஸ்ஸுல ஏறவே ஆள் தேடுதவ, இப்ப நொண்டி நொண்டி நாலு வீதியும் வாரா. காலையில கிளம்புன தேரே நிலைக்கு வந்துட்டு. இவுக ரெண்டு பேரும் இன்னும் நிலைக்கு வரல. சர்ச்சுக்குப் போறவளுக்கு இங்கன என்ன ஆடிச்சுற்று? ஒண்ணு உன் வீட்டை விட்டு இழுப்பா, இல்லன்னா அவ வேதத்துக்கு இழுப்பா."



அவள் புருஷன் கோமதிசங்கர் விசைத்தறி ஓட்டுகிறவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதினார். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். 'விட்டுட்டேன்' என்று மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் மாத்திரை அட்டை அகப்பட்டது. கடைசித் தடவை, பிள்ளையின் பென்சில் டப்பாவுக்குள்.

அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரு பொய் சொன்னியன்னா, பிள்ளையத் தூக்கிட்டுக் கரிவலத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். திரும்ப மாட்டேன்."

ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று, "ஆடிச்சுற்று நேந்திருக்கேன், தினமும் சன்னதியைச் சுத்தணும்" என்று அவன் கிளம்பியபோது, சாமியாவது காப்பாத்தட்டும் என்று திருநீறு பூசி அனுப்பினாள்.

அதுவும் பொய்யா?

அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

தெற்கு ரத வீதியில் திருவிழாக் கூட்டம் நெரிந்தது. ஆறுமுகத்தாய் அவள் முழங்கையை இடித்தாள்.

"அன்னா வாராக. இந்த இடம் வந்ததும் கையப் பிடிப்பா பாரு. தினமும் இங்கனதான்."

சொன்ன மாதிரியே ஞானபூரணம் கோமதிசங்கரின் மணிக்கட்டைப் பிடித்தாள். இருபதடி தாண்டியதும் விட்டாள்.

முத்துமாரி குறுக்கே போய் நின்றாள். "இதுதான் ஒங்க ஆடிச்சுற்றா?"

அவன் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஆனாலும் உடம்பு குளிரில் நடுங்குவது போல நடுங்கியது. நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்தான்.

"மாரி, நடந்துக்கிட்டே பேசுவோமா?"

"ஏன், நின்னு பேசுனா மரியாதை குறைஞ்சிருமோ?"

"நின்னா தம்பிக்குக் கால் ரெண்டும் இழுக்கும் தாயி" என்றாள் ஞானபூரணம். "மாத்திரையை அறவே நிப்பாட்டி இன்னையோட ஒன்பது நாள்."

"ஒன்பது நாளா?" என்றாள் முத்துமாரி.

"தனியா விட முடியல, கூட நில்லுங்கன்னு என்கிட்ட வந்து அழுதான். திருநெல்வேலியில டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மாசமாக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சு, கொடியேத்தத்தன்னைக்கு நிறுத்தியாச்சு. இப்ப உக்காரவும் முடியல, படுக்கவும் முடியல. நடந்தாத்தான் கொஞ்சம் ஆறுது. மத்த மாசத்துல ஒருத்தன் இப்படி வீதி வீதியா நடந்தா, என்ன ஏதுன்னு ஊரு கேக்கும். ஆடியில நடந்தா யாரு கேக்கப் போறா?" ஆறுமுகத்தாயை ஒரு பார்வை பார்த்தாள். "இவுகளைத் தவிர."

ஆறுமுகத்தாய் விடவில்லை. "அப்ப உள்ள போயிச் சன்னதியைச் சுத்துறது?"

"நேராமலே நேந்ததா ஆத்தாகிட்டயும் பொய் சொல்லணுமா மதினி?" என்றான் கோமதிசங்கர்.

"என்கிட்ட மட்டும் சொல்லலாமாக்கும்?" என்றாள் முத்துமாரி.

"விட்டுட்டேன் விட்டுட்டேன்னு மூணு தடவை சொல்லி மூணும் பொய்யாப் போச்சு. பத்து நாளு தாண்டிட்டு, ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீ சொன்ன மாதிரி போறதுன்னா போ மாரி. தப்பு என்மேலதான். நாளைக்கும் நான் நடப்பேன்."

முத்துமாரி திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தாண்டி வந்த இடத்தில் ஒரு மெடிக்கல் கடை.

"இந்த மாதிரிக் கடை எத்தனை இருக்கு நர்ஸம்மா?"

"நாலு வீதிக்கும் அஞ்சு. கடைப்பக்கம் எப்பவும் நாமதான் நடக்கணும். வாசல் தாண்டுறதுக்குள்ள கைய விட்டுராத."

முத்துமாரி புருஷனின் மணிக்கட்டைப் பற்றினாள். "நீங்க உக்காருங்க நர்ஸம்மா. மீதிச் சுத்தை நான் பாத்துக்கிடுதேன்."

இருவரும் கூட்டத்தில் கலந்தார்கள். அதன் பிறகுதான் ஞானபூரணம் சுவரைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய கடையின் படியில் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தாள். சேலையை முட்டி வரை ஒதுக்கி நீவினாள். பந்து போல வீங்கியிருந்தது.

ஆறுமுகத்தாய்க்கே பொறுக்கவில்லை. "என்னம்மா இது, இப்படி வீங்கிக் கெடக்கு! நர்ஸா இருந்துக்கிட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கிடத் தெரியாதா?"

"அவன்கிட்டச் சொல்லிராதிய" என்றாள் ஞானபூரணம். "வலியப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும் நர்ஸம்மான்னு மொத நாளு கேட்டான். நானும் தினம் மாத்திரை போட்டுத்தான் நடமாடிக்கிட்டு இருந்தேன். அவன் நிப்பாட்டுன அன்னைக்கே நானும் நிப்பாட்டிட்டேன்."