பச்சைக் கட்டம்

நூலகத்துக்கு டேப்லெட் வந்த வாரமே, என்னோடு வேலை பார்த்த அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பதினெட்டு வருஷம் அலமாரி அடுக்கியவள். துருத்திக்கொண்டிருக்கும் புத்தகத்தை இரண்டு விரலால் உள்ளே தள்ளாமல் ஒரு வரிசையைக்கூடத் தாண்ட மாட்டாள்.

"கேமராவைக் காட்டினா போதும், எல்லாம் அதுவே சொல்லிடும்" என்றார் மேலாளர். சொல்லத்தான் செய்கிறது. இடம் மாறிய புத்தகத்தின்மேல் திரையில் சிவப்புக் கட்டம் விழும். சரியான இடத்தில் இருந்தால் பச்சை.

இரண்டே மாதத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள். மேலாளர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து ஜன்னலோரம் அவள் உட்காரும் காலி நாற்காலியில், ஆள் அளவுக்கு ஒரு பச்சைக் கட்டம் விழுகிறது. மேலாளரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

"லென்ஸைத் துடைம்மா. உனக்கு உடம்பு வணங்கலை, அதுக்கு இது ஒரு சாக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நீங்களே அங்க உட்காருங்க சார், பார்ப்போம்."

சிரித்துக்கொண்டே போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தேன். அவர்மேல் சிவப்பு விழுந்தது. பச்சைக் கட்டம் எழுந்து அவர் பக்கத்தில் நின்றது.

அவர் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, இரண்டு விரல் அகலத்துக்குக் குழி விழுந்தது. நாற்காலி பின்பக்கமாக நகர்ந்து சுவரில் முட்டியது. குழி இன்னும் ஆழமானது.

"என்னம்மா... என்ன தெரியுது?" மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இருங்க சார், லென்ஸைத் துடைக்கிறேன்" என்று சொல்லி, நிதானமாகத் துடைத்தேன்.