உள்ளங்கைப் பூசணிக்காய்

“எல்லாம் உள்ளங்கைப் பூசணிக்காய் மாதிரி தெளிவாத் தெரியுதே!” என்றார் அப்பா, செய்தித்தாளை மடித்தபடி.

“நெல்லிக்கனி” என்றாள் அம்மா, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமலே. “பூசணிக்காய் எந்த ஊர் உள்ளங்கையில நிக்கும்?”

வாசலில் நின்ற மகள் பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. வாழ்நாளெல்லாம் வானொலியில் செய்தி வாசித்தவர் அப்பா. தும்மினாலும் பிழையில்லாமல் தும்முவார் என்று நிலையத்தில் கேலி பேசுவார்கள். அந்த வாயிலா பூசணிக்காய்!

இதற்காகத்தான் அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே போனில் அவர் பேச்சு தாறுமாறாக இருந்தது. ‘வெட்டு ரெண்டு, துண்டு ஒண்ணு’ என்பார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வெடுக்கென்று திருத்தும். அந்தக் குரலுக்காகவே மகள் போனைக் காதோடு அழுத்திக்கொள்வாள். அது அவளோடு நேராகப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது.

தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு இவள் வீட்டைவிட்டுப் போன அன்று, இதே வாசலில் நின்றுதான் அம்மா சொன்னாள்: “உன்னைத் தலைமுழுகிட்டேன்.” அம்மா அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். யோசிக்காமல் ஒரு சொல்லை விடமாட்டாள். விட்ட சொல்லைத் திரும்ப எடுத்ததும் கிடையாது.

“அம்மா... நல்லா இருக்கியா?”

அம்மா அவளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் உள்ளே வந்து பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். அப்பா கதவைச் சாத்தி, எட்டிக் கையை உயர்த்தி மேல் தாழ்ப்பாளையும் போட்டார். அது புதிதாகப் பொருத்தியது. பழைய தாழ்ப்பாள் கீழே சும்மா கிடந்தது.

“பட்டப்பகல்ல எதுக்குப்பா இத்தனை பூட்டு?”

“காத்துல அடிச்சுக்குதும்மா. வா, டீ போடறேன். காலையிலேர்ந்து தலைவால் தெரியாத வேலை.”

“தலைகால்” என்றது ஜன்னலோரம். “வால் எப்ப முளைச்சுது?”

சமையலறைக்குள் போனதும் மகள் உடைந்துபோனாள். “அப்பா, நாளைக்கே டாக்டரைப் பார்த்துடலாம். உங்களுக்கு வார்த்தையெல்லாம் குழம்புது. எனக்குப் பயமா இருக்கு.”

அப்பா அடுப்பைக் குறைத்தார். “எனக்கு ஒரு குழப்பமும் இல்லைம்மா. உங்கம்மா முன்னாடி மட்டும்தான் தப்பாப் பேசுவேன். டீ வேணுமான்னு கேட்டா பதில் வராது. சாப்பிட்டியான்னு கேட்டாலும் வராது. தப்பா ஒண்ணு சொன்னா, உடனே வாயைத் திறந்துடுவா. அந்தக் குரலைக் கேட்க எனக்கு வேற வழி தெரியலை.”

மகளுக்குச் சுருக்கென்றது. போனில் யாரென்று அம்மாவுக்குச் சொல்லாமலே இவளோடு பேசிக்கொண்டிருந்தவர் அப்பா. குட்டு உடைந்து, அவரும் மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது.

“என்னால உங்ககிட்டயும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாளா? இன்னுமா இவ்வளவு கோபம்?”

“கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா.” எந்தச் செய்திக்கும் இடறாத அந்தக் குரல் இடறியது. “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்...”

சமாதானம் சொல்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போய், அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். எப்போதும் சிவப்பு மை படிந்திருக்கும் அந்த விரல்கள் வெளுத்துக் கிடந்தன.

“அம்மா, திட்டணும்னா திட்டு. நாலு அறை வேணும்னாலும் குடு. இப்படி இருக்காதே.”

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டீயில் ஏடு கட்டத் தொடங்கியது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் வழியைத் தானும் பார்த்துவிடுவது என்று துணிந்தாள். “அம்மா, நிஜமாவே என்னைக் கைமுழுகிட்டியா?”

அம்மா சட்டென்று திரும்பினாள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற அதே பழைய பார்வை.

“கைமுழுகுறதா? நல்ல கூத்து! கைன்னா கழுவுறது, தலைன்னா முழுகுறது.” அவள் விரல் நீண்டு மகளின் கன்னத்து ஈரத்தைத் துடைத்தது. “இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா, அசடு?”

அவ்வளவுதான். மகள் அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அம்மாவின் கை அவள் தலையை மெல்லத் தடவிக்கொடுத்தது. இத்தனை வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது.

“அப்பா, அம்மா என்கிட்ட பேசிட்டாப்பா!” அழுகையும் சிரிப்புமாக அவள் நிமிர்ந்தாள்.

சமையலறை வாசலில் நின்ற அப்பா சிரிக்கவில்லை. தலை தடவிய கையை எடுக்காமலே அம்மாவும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல, கொஞ்சம் கூச்சத்தோடு, மிக மரியாதையாகக் கேட்டாள்.

“பாவம்... இது உங்க பொண்ணா, சார்?”