பின்சீட்டு உறுப்பினர்

“பயப்படாதீங்க சார், பாதி ஹால் நம்ம பக்கம்தான்,” என்று காதோரம் கிசுகிசுத்தார் பல் டாக்டர். “நம்ம வரிசையில எல்லார் மூஞ்சியும் உர்ருனு இருக்கு. செயலாளர் அம்மா தண்ணி மேல தண்ணியா குடிக்கறாங்க.”

வாத்தியார் தலையாட்டினார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அவர். ஹாலில் யார் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று டாக்டர் சொன்னால்தான் உண்டு. வரலாறு நடத்தி ஓய்வு பெற்று நாளாகிவிட்டது, ஆனாலும் சைக்கிள் கிளப்பில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான்.

கிளப் என்றால் மற்ற கிளப் மாதிரி இல்லை. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீள சைக்கிள்கள் இவர்களுடையவை. முன்சீட்டில் பார்வை உள்ளவர், பின்சீட்டில் இல்லாதவர், ஞாயிறு காலையில் ஏரி வரை போய்த் திரும்புவார்கள். வாத்தியாருக்கு முன்னால் ஆரம்பத்திலிருந்தே டாக்டர்தான். அந்த மனுஷர் கையில் விடுமுறை நாளில்கூடக் கிராம்பு எண்ணெய் வாசனை போகாது.

சைக்கிளில் ஒருத்தரை ஒருத்தர் ஏய்க்க முடியாது. முன்னால் இருப்பவர் கொஞ்சம் சோம்பினாலும் பின்னால் இருப்பவருக்குக் கால் கனத்துவிடும். டாக்டர் ஒருநாளும் ஏய்த்ததில்லை.

அந்தக் கிளப்பை அறக்கட்டளையாக மாற்றலாமா, வேண்டாமா என்று இன்றைக்கு ஓட்டெடுப்பு. செயலாளர் அம்மா எழுந்தார்.

“ட்ரஸ்ட் ஆனா நன்கொடை வரும், புது சைக்கிள் வரும். ஆனா ஒண்ணு. உதவி வாங்கறவங்களே நிர்வாகத்துலயும் உட்கார்ந்தா, குடுக்கறவங்க கேள்வி கேப்பாங்க. அதனால பின்சீட்ல வர்றவங்க இனிமே உறுப்பினர் இல்ல, பயனாளி. ஓட்டு, பொறுப்பு எல்லாத்தையும் முன்சீட்காரங்க பாத்துப்பாங்க.”

“எனக்கு சைக்கிள் ஒழுங்கா ஓடினா போதும்மா,” என்றார் பின்சீட்டுக்காரரான டெலிபோன் ஆபரேட்டர். “போன வாரம் செயின் கழண்டு நடுரோட்டுல நின்னோம். ஓட்டை வெச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?”

ஹால் கொல்லென்று சிரித்தது. வாத்தியார் எழுந்து நின்றார்.

“பின்னாடி உட்கார்ந்து நான் சும்மா வரலம்மா, மிதிக்கறேன். மேடு வந்தா டாக்டருக்கு மூச்சு வாங்கும், நான்தான் இழுக்கறேன். என்னை எந்தக் கணக்குல பயனாளிங்கறீங்க?”

“ஐயோ, அது வெறும் வார்த்தை சார். உங்களுக்கு ஒரு குறையும் வராது. நாங்க நல்லா பாத்துப்போம்.”

பாத்துப்போம். மனைவி போன பிறகு வீட்டில் மகனும் இதையேதான் சொல்கிறான், மருமகளும் இதையேதான் சொல்கிறாள். எந்தச் சட்டை போடுவது, எப்போது தூங்குவது, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வாத்தியாருக்கு இப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

இந்த ஒரு இடத்தில்தான் அவரும் மற்றவர்களைப் போலக் கை தூக்கினார், சண்டை போட்டார், தோற்றார், ஜெயித்தார். இதுவும் போய்விட்டால் அப்புறம் அவரிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

டாக்டர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “விடுங்க சார், இவங்ககிட்ட பேசிப் பிரயோஜனமில்ல. ஓட்டுல பாத்துக்கலாம்.”

“நீங்க என் பக்கம்தானே?”

“நல்லா கேட்டீங்க போங்க! வேற யார் பக்கம் இருப்பேன்?”

செயலாளர் மேசையைத் தட்டினார். “ட்ரஸ்ட் ஆகலாம்ங்கறவங்க கை தூக்குங்க.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. சோப்பும் வியர்வையும் கிராம்பு எண்ணெயும் கலந்து ஒரு காற்று வாத்தியாரின் முகத்தைத் தடவி மேலே போனது. செயலாளர் வாய்க்குள் முணுமுணுத்து எண்ணினார். எண்ணிக்கொண்டே இருந்தார்.

“நிறைய பேரா டாக்டர்?”

“சேச்சே. அங்கொண்ணு இங்கொண்ணு. அந்தம்மாவுக்கு எண்ணத் தெரியல, அவ்வளவுதான்.”

“சரி, இறக்குங்க,” என்றார் செயலாளர். “வேண்டாம்ங்கறவங்க?”

வாத்தியார் கையைத் தூக்கினார். பதில் தெரிந்த மாணவன் வகுப்பில் தூக்குவது போல, நேராக, விறைப்பாக.

“தூக்கிட்டீங்களா டாக்டர்?”

“தூக்கிட்டேன் சார். நம்ம வரிசை மொத்தமும் தூக்கியிருக்கு. பின்னாடி பாத்தா ஒரு கூட்டமே தூக்கியிருக்கு.”

வாத்தியாருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. மனைவியை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட வராத அழுகை இப்போது வரப் பார்த்தது. இத்தனை பேரா? இத்தனை பேருக்கா நான் உறுப்பினராகவே இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது? தோள் வலித்தது. பரவாயில்லை, எண்ணி முடிக்கிறவரை எல்லோருக்கும்தானே வலிக்கும் என்று இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

இந்தத் தடவை எண்ணிக்கை சீக்கிரமே முடிந்துவிட்டது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் ரொம்பவும் மென்மையாக வந்தது.

“எதிர்த்து ஒரே ஒரு கை. வாத்தியார் சார், நீங்க இறக்கிக்கலாம்.”